முற்றிய வழுக்கைக்கு முடி நடவு: பிடரியிலிருந்து தொடங்க வேண்டிய திட்டம்

முடி நடவுக்கு ஆலோசனை கேட்டு வருகிறவர் குனிந்து தம் வழுக்கையைத்தான் மருத்துவரிடம் காட்டுவார். அனுபவமுள்ள மருத்துவரோ அவரைத் திரும்பி உட்காரச் சொல்லி முதலில் பிடரியைப் பார்ப்பார். நெற்றி ஏறி, உச்சியும் வெறுமையாகி, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்ட தலைக்கு எவ்வளவு முடி வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. எடுப்பதற்கு எவ்வளவு முடி இருக்கிறது என்பதே முதல் கேள்வி. தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவிய குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாற்றங்காலில் இருக்கும் நாற்றின் அளவுக்குத்தான் வயலில் நடவு; இங்கேயோ வயல் பெரியது, நாற்றங்கால் சிறியது, ஒருமுறை பறித்த இடத்தில் மறுபடி முளைப்பதும் இல்லை.

ஆண்களின் வழுக்கையை மருத்துவர்கள் ஏழு படிநிலைகளாகப் பிரிக்கிறார்கள். 1951-இல் ஹாமில்டன் வகுத்ததை 1975-இல் நார்வுட் திருத்தியமைத்ததால் அது பெரும்பாலும் நார்வுட் அளவுகோல் என்றே வழங்குகிறது. ஆறாம் நிலையில் முன்தலைக்கும் உச்சிக்கும் நடுவே இருந்த முடிப்பாலம் மறைந்துவிடுகிறது. ஏழாம் நிலையில் காதுக்கு மேலும் பிடரியிலும் லாட வடிவில் ஒரு பட்டை மட்டுமே எஞ்சுகிறது. இந்தப் பட்டையிலுள்ள வேர்களை, வழுக்கைக்குக் காரணமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் பெரிதாகப் பாதிப்பதில்லை என்பதும், அவற்றை வழுக்கையில் நட்டாலும் அந்த இயல்பு மாறுவதில்லை என்பதும்தான் முடி நடவின் முழு அடிப்படை. நியூயார்க்கைச் சேர்ந்த நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இல் இதை விளக்கி எழுதினார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1939-இல், ஜப்பானில் ஒகுடா தம் அறுவை முறையை வெளியிட்டிருந்தார்.

இதனால்தான் திருச்செந்தூரில் மொட்டை போட்ட முடியை வைத்து நடலாமா, தம்பியின் முடியை எடுத்து நடலாமா என்னும் இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்பதே பதில். மழித்த முடியில் வேர் இல்லை. பிறர் வேரை உடல் ஏற்காது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

கணக்கு

நடப்படும் பொருளுக்கு கிராஃப்ட் என்று பெயர். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடிவரை இருக்கலாம். சராசரியாக இரண்டு என்று கொள்ளலாம். ஆலோசனையின்போது மருத்துவர் பிடரியில் விரல்நகம் அளவு இடத்தை ஒட்டக் கத்தரித்து, டெர்மாஸ்கோப் என்னும் ஒளிக்கண்ணாடியை அதன்மேல் வைத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் எத்தனை கிராஃப்ட் இருக்கின்றன என்று எண்ணுவார். நடுப்பிடரியிலும் இரு காதுகளுக்கு மேலும் தனித்தனியே எண்ண வேண்டும், ஏனெனில் பக்கங்களில் அடர்த்தி குறையும். எண்ணும்போதே தடித்த முடிகளுக்கு நடுவே மெலிந்து பூனைமுடி போலாகிவிட்டவை எவ்வளவு என்பதும் தெரியும். பிடரியிலேயே அவை நிறைய இருந்தால் அந்த நாற்றங்காலை நம்ப முடியாது. கழுத்தோரத்திலிருந்து மேல்நோக்கி மெலிந்துவரும் வழுக்கை உள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்க்கலாம். நாற்பத்திரண்டு வயது, ஆறாம் நிலை, பாதுகாப்பாக எடுக்கக்கூடிய பட்டையின் பரப்பு 180 சதுர சென்டிமீட்டர், அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு 70 கிராஃப்ட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 12,600 வருகிறது. பிடரி சொட்டையாகத் தெரியாமல், வாழ்நாள் முழுமைக்குமாகச் சேர்த்து, இதில் ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டை எடுக்கலாம், அது 5,000. வழுக்கையின் பரப்போ சுமார் 200 சதுர சென்டிமீட்டர். பிறவி அடர்த்தியைத் திருப்பித் தருவது யாராலும் ஆகாது. கண்ணுக்கு முடியாகத் தெரிவதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 35 என்று சிக்கனமாக வைத்தாலும் 7,000 தேவைப்படும். இரண்டாயிரம் குறைகிறது. இந்தக் குறைக்கு எந்த இயந்திரமும் எந்த நுட்பமும் தீர்வாகாது. முழுத்தலையும் நிரப்பித் தருகிறோம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்கிறவர் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கவில்லை, அல்லது போட்டுவிட்டு மறைக்கிறார்.

ஆகவே திட்டம் என்பது எந்த இடத்தை வெறுமையாக விடுவது என்று முடிவெடுப்பதுதான். என் கருத்தில் முன்தலைக்கே முதல் உரிமை. எதிரில் நின்று பேசுகிறவர் பார்ப்பது அதைத்தான். முகத்துக்குச் சட்டம் போடுவதும் அதுதான். மேற்கண்ட எடுத்துக்காட்டில் முன்பகுதி 70 சதுர சென்டிமீட்டருக்கு 40 வீதம் 2,800, நடுத்தலை 60-க்கு 30 வீதம் 1,800, ஆக 4,600 போய்விடும். எஞ்சும் நானூறை, 70 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள உச்சியில் தூவினாலும் தெரியாது. உச்சியில் முடி சுழியாகச் சுற்றிச் செல்வதால் ஒன்றின்மேல் ஒன்று படிந்து மறைக்காது; முன்பகுதியைவிட அங்கே அதிக முடி செலவாகும், குறைவாகவே தெரியும். உச்சியை நடுத்தர வயதுக்காரனின் இயல்பான சொட்டையாக விட்டுவிடுவதில் குறைவொன்றும் இல்லை. தாடி அடர்ந்தவர்களுக்கு, தாடைக்குக் கீழிருந்து ஓராயிரம் கிராஃப்ட்வரை எடுத்து நடுத்தலையிலும் உச்சியிலும் தலைமுடியோடு கலந்து நடலாம். தாடிமுடி தடிப்பாக இருப்பதால் நெற்றியோரத்தில் அதை நடக் கூடாது.

நம் பக்கத்து ஆண்களுக்கு ஒரு சலுகை உண்டு. கறுத்த முடிக்கும் மாநிறத் தோலுக்கும் வேறுபாடு குறைவு என்பதால், வெளுத்த தோலில் கறுத்த முடி நட்டவரைவிடக் குறைந்த எண்ணிக்கையிலேயே தலை நிறைந்து தெரியும். முடி சுருண்டிருந்தால் இன்னும் நல்லது.

முன்கோடு

நெற்றியில் பென்சிலால் கோடு போடும் நேரத்தில்தான் ஆசை அறிவை வெல்லும். இருபது வயதுப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. இரு புருவங்களுக்கு நடுவிலிருந்து 7 முதல் 8 சென்டிமீட்டர் மேலே கோடு போடுவது பொது வழக்கம் என்றாலும், ஆறாம், ஏழாம் நிலையில் 8 சென்டிமீட்டருக்குக் கீழே இறக்காமலிருப்பதே விவேகம். கோட்டை ஒரு சென்டிமீட்டர் இறக்கினால் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ 500 கிராஃப்ட் கூடுதலாகச் செலவாகும். அது நடுத்தலையிலிருந்துதான் பறிபோகும். இரு பக்க மூலைகளையும் மூடி வட்டமாக்கக் கூடாது. ஐம்பது வயது முகத்தில் மூலை சற்று ஏறியிருப்பதுதான் இயல்பு. கோட்டின் முதல் இரண்டு மூன்று வரிசைகளில் ஒற்றை முடி கிராஃப்ட் மட்டுமே, வரிசை தெரியாதபடி முன்னும் பின்னுமாக நடப்பட வேண்டும்.

யாருக்கு இப்போது வேண்டாம்

இருபத்தைந்து வயதுக்குள் ஒருவருக்கு ஐந்தாம் நிலை வந்துவிட்டால் அவர் ஏழுக்குப் போவார் என்றே கருதித் திட்டமிட வேண்டும். அவசரப்பட்டு நட்டால் நட்ட முன்முடி நிற்க, அதன் பின்னால் இருந்தது உதிர்ந்து நடுவில் தீவாகிவிடும். அப்பா, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் எல்லோருடைய தலையையும் பார்த்துவிட்டு வர வேண்டும். தாய்மாமனைப் போலத்தான் வரும் என்று ஊரில் சொல்வது பாதி உண்மை. தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் ஒரு முக்கிய மரபணு இருக்கிறது, ஆனால் தந்தைவழியிலும் பல மரபணுக்கள் வருகின்றன. திட்டுத் திட்டாகக் கொட்டும் புழுவெட்டு, தழும்போடு முடி போகும் லைக்கன் பிளானோபிலாரிஸ் போன்ற நோய்கள் அடங்காத தலையில் நடவு செய்வது வீண். நோய் எது என்று உறுதிசெய்ய, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஒருமுறை போய் வருவது நல்லது. நடவை விற்க வேண்டிய தேவை இல்லாத ஒருவரின் கருத்து அங்கே கிடைக்கும்.

வழுக்கை முற்றியவருக்கும் மருந்து உண்டு. நட்டதைக் காப்பதற்காக அல்ல. நடாமல் விட்ட, இன்னும் எஞ்சியுள்ள முடி போகாமல் இருப்பதற்காக. பினாஸ்டெரைடு 1 மில்லிகிராம் மாத்திரைக்கு அமெரிக்காவில் 1997-இல் ஆண் வழுக்கைக்கென்று அனுமதி கிடைத்தது. சிலருக்குப் பாலுறவு ஆர்வம் குறைதல் போன்ற பக்கவிளைவுகள் வரும். மனச்சோர்வு உள்ளவர்களும் குழந்தைக்கு முயல்கிறவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை எண்ணை இம்மாத்திரை ஏறக்குறைய பாதியாகக் காட்டும் என்பதால் ஐம்பதைக் கடந்தவர்கள் எந்த மருத்துவரிடமும் இதை மறைக்கக் கூடாது. உடைந்த மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் தொடக் கூடாது. தலையில் தடவும் மினாக்ஸிடில் ஆரம்பித்த சில வாரங்களில் முடி கொட்டுவது போலிருக்கும், அது நிற்கும்.

எஃப்யூஇ, எஃப்யூடி, மொட்டை

எஃப்யூஇ முறையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்க்கத்தியால் கிராஃப்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். எஃப்யூடி முறையில் பிடரியிலிருந்து ஒரு தோல்பட்டையை அறுத்தெடுத்துத் தைத்துவிட்டு, அந்தப் பட்டையை நுண்ணோக்கியின் கீழ் பிரிக்கிறார்கள். இப்போது எங்கும் எஃப்யூஇதான் விளம்பரமாகிறது. ஆனால் வழுக்கை முற்றியவருக்கு ஒவ்வொரு கிராஃப்டும் பொன் என்பதால், முதலில் எஃப்யூடி, பிறகு எஃப்யூஇ என்று இரண்டையும் சேர்த்துச் செய்தால் மொத்தத்தில் கூடுதல் கிடைக்கும் என்பதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் திருநெல்வேலிச் சீமைக்கென்று ஒரு விசாரம் உண்டு, அதை வெளியூர் கிளினிக்குகள் கேட்பதில்லை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் முடியிறக்கும் நேர்த்தி, பெற்றோர் காரியத்தில் மொட்டை போடும் கடமை என்று நம்மில் பலர் வாழ்நாளில் சில முறையாவது தலையை மழித்துத்தான் ஆக வேண்டும். காயம் முழுதும் ஆறி முடியும் வளர்ந்த பின் மழித்தால் நட்ட முடி மீண்டும் முளைத்துவிடும், அதில் பயமில்லை. எஃப்யூடி செய்தவரின் பிடரியில் காதிலிருந்து காதுவரை நீண்ட கோட்டுத் தழும்பு மட்டும் மொட்டையில் பளிச்சென்று தெரியும். எஃப்யூஇயிலும் தழும்பு இல்லாமலில்லை. மாநிறத் தோலில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். வயதான பெற்றோர் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நேர்த்திக்கடன் பாக்கியிருந்தால் நடவுக்கு முன்பே இறக்கிவிடலாம்.

மருத்துவரும் பணமும்

2016-இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மரத்துப்போகும் ஊசியில் செய்யப்படுவது என்பதற்காக இதை அழகுநிலைய வேலையாக எண்ணக் கூடாது. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், யூடியூபிலும் பயிலரங்கிலும் பார்த்துக் கற்றது போதிய பயிற்சி ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கிளினிக்கில் கேட்க வேண்டியவை இவை: மருத்துவர் தோல் நோயிலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ பட்டம் பெற்றவரா, மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் என்ன, முன்கோடு போடுவதும் ஊசி போடுவதும் நடவுக்குத் துளையிடுவதும் அவரே செய்கிறாரா, அன்று ஒரே நோயாளியா அல்லது நால்வரா, ஆக்சிஜனும் அவசர மருந்துகளும் அறையிலேயே இருக்கின்றனவா. தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பெற்ற பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்கலாம்.

பேசிய விலை முடிக்கா, கிராஃப்டுக்கா என்று எழுதி வாங்க வேண்டும்; ஐயாயிரம் முடி என்பது இரண்டாயிரத்து ஐந்நூறு கிராஃப்டாக இருக்கக்கூடும். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கு இதற்குப் பொருந்தாது. அழகு சிகிச்சை என்பதால் மருத்துவக் காப்பீடும் கைகொடுக்காது. வாழ்நாள் உத்தரவாதம், இன்றே முன்பணம் கட்டினால் பாதி விலை என்பவற்றுக்குக் காது கொடுக்கத் தேவையில்லை. பழைய நோயாளிகளின் படங்களைக் கேட்கும்போது நார்வுட் ஆறு, ஏழு நிலைக்காரர்களின் படங்களையே கேட்க வேண்டும். அதிலும் பிடரியைக் காட்டும் படம் இல்லையென்றால் அந்தப் படத்தால் பயனில்லை.

காலமும் பயணமும்

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு நடுவது மிகத் தவறான கணக்கு. நட்ட முடி இரண்டாம் வாரத்திலிருந்து உதிரத் தொடங்கி, மூன்றாம் மாதத்தில் தலை பழையபடியே தோன்றும். நான்காம் மாதத்தில் மெல்லிய முடி முளைத்து, பலன் முழுதாகத் தெரிய ஓராண்டு ஆகும். பெண் பார்க்கும் படலத்துக்கு ஓராண்டு முன்பு நட வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை, அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை வெயிலில் வியர்த்து வடியும் தலையோடு திரிவது சரியல்ல. ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கம் காற்று புழுதியை வாரி அடிக்கும். குற்றால சீசனும் அதே நேரம் என்பதால் அருவிக்குப் போகாமல் மனத்தை அடக்குவதும் சிரமம். மார்கழியும் தையும் ஏற்றவை. மதுரை, திருவனந்தபுரம் என்று வெளியூர் போகிறவர்கள் அன்றிரவே பேருந்து ஏறாமல் ஓரிரவு தங்கி, மறுநாள் கட்டுப் பிரித்துக் கழுவிய பின் கிளம்ப வேண்டும். சென்னையிலிருந்து இரவு ரயிலில் வருவதானால் தலை எதிலும் உரசாதபடி கழுத்துக்கு மட்டும் தலையணை வைத்துக்கொள்ள வேண்டும். மேல் படுக்கை வேண்டவே வேண்டாம், ஏறும்போதே தலை இடிக்கும்.

நடவுக்கு முன்பு ரத்த அணுக்கள், சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி வைரஸ், ஈசிஜி ஆகியவற்றைப் பார்த்துவிடுவார்கள். ஆஸ்பிரின், குளோப்பிடோகிரெல் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது; இதய மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். படபடப்புக்கு புரோப்ரனலால் சாப்பிடுகிறவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் மரத்துப்போகும் ஊசியில் சேரும் அட்ரீனலினோடு அது ஒத்துப்போகாமல் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். பீடியும் சிகரெட்டும் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும் என்பதால் முன்னும் பின்னுமாகச் சில வாரங்களாவது விட்டே ஆக வேண்டும். ஒரே நாளில் 4,000 கிராஃப்ட் என்று ஆசை காட்டினால் யோசிக்க வேண்டும்: மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெயின் உடல் எடைக்கேற்ற அளவைத் தாண்டினால் நஞ்சாகும், வெளியே எடுத்த கிராஃப்டும் நேரம் ஆக ஆக வலுவிழக்கும். இரண்டு நாளாகப் பிரித்துச் செய்வதே மேல்.

முதல் பத்து நாள்

தலையைச் சற்று உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும். மூன்றாம் நாளில் நெற்றி வீங்கிக் கண்வரை இறங்குவது வழக்கம். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். கழுவும்போது குழாயின் வேகத்திலோ ஷவரிலோ தலையைக் காட்டாமல், மென்மையான ஷாம்புவை உள்ளங்கையில் நுரைத்து அந்த நுரையை மட்டும் தலையில் ஒற்றிவைத்து, செம்பால் நீரை மெல்ல ஊற்ற வேண்டும். துண்டால் துவட்டாமல் தானாக உலர விட வேண்டும். பொருக்கு ஊறி உதிரப் பத்து நாள் ஆகும், அதை நகத்தால் பெயர்க்கக் கூடாது. ஹெல்மெட் போட முடியாத அந்த நாட்களில் பைக்கையும் எடுக்கக் கூடாது. ஆற்றுக் குளியல், கிணற்றில் குதித்தல், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் விடுமுறை. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சீழ், நட்ட இடத்தில் தோல் கறுத்துப்போதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் முறை நடுவதானால் ஓராண்டு கழித்து, முதல் நடவில் எவ்வளவு பிழைத்தது என்று பார்த்தபின், பிடரியை மறுபடி எண்ணச் சொல்லி முடிவெடுக்க வேண்டும். அதற்காக, முதல் முறை வீடு திரும்பும்போதே எடுத்த கிராஃப்ட் எத்தனை, அவற்றில் ஒற்றை, இரட்டை, மூன்று முடி உள்ளவை எவ்வளவு, எந்தப் பகுதியில் எத்தனை நட்டார்கள், என்ன மருந்து எந்த அளவில் போட்டார்கள் என்பதையெல்லாம் மருத்துவரின் கையொப்பத்தோடு ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.